உங்களுக்குத் தெரியுமா? – புனே மலைகளில் புத்தரும் பிள்ளையாரும்

நேபாளத்தில் இந்துக் கோயில் எது, பௌத்தக் கோயில் எது என்று கோடு கிழிப்பது கடினம். ஒரே சந்நிதியில் இரு சமயத்தாரும் விளக்கேற்றுவார்கள். சகியாத்ரி மலையை ஒட்டிய புனே வட்டாரத்திலும் இந்த வழக்கம் ஈராயிரம் ஆண்டுகளாக வேரோடியிருக்கிறது. வேலைக்கும் படிப்புக்கும் புனே போன தமிழர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறி இறங்கும் அதே மலைகளில், இமயத்துத் தெய்வங்களுக்கும் நம் ஊர்த் தெய்வங்களுக்கும் உறவு சொல்லும் தடயங்கள் நிறைய உண்டு. அவற்றுள் சில இங்கே.

◆ பிக்குகளின் அறைகளுக்கு நடுவே பிள்ளையார்

புனேக்கு வடக்கே சுமார் 95 கி.மீ. தொலைவில், ஜுன்னர் ஊரை அடுத்து இருக்கிறது லேண்யாத்ரி. மராட்டியர் போற்றும் அஷ்டவிநாயகத் தலங்களில் மலைமேல் அமைந்தது இது ஒன்றுதான். ஏறத்தாழ முந்நூறு படிகள் ஏறினால் கிரிஜாத்மஜர், அதாவது பார்வதி மைந்தர், சந்நிதி. அது தனியாகக் கட்டிய கோயில் அல்ல. பாறையைக் குடைந்து பௌத்தத் துறவிகளுக்கென்று அமைத்த விகாரை. இன்று அதற்கு 7-ஆம் எண் குகை என்று பெயர். உள்ளே நுழைந்தால் நடுவில் ஒரு தூண்கூட இல்லாத பெரிய கூடம். சுற்றுச் சுவர்களில் பிக்குகள் தங்கிய சிற்றறைகள் 20. பின்சுவரில் செந்தூரம் பூசிய பிள்ளையார். அடுத்த குகையில் ஸ்தூபியோடு கூடிய சைத்தியம், அதாவது பௌத்த வழிபாட்டு மண்டபம். அஷ்டவிநாயக யாத்திரை போகிறவர்கள் ஒரு பௌத்த மடாலயத்துக்குள் நின்றுதான் கற்பூரம் ஒற்றிக்கொள்கிறார்கள்.

◆ கார்லா வாசலில் ஏக்வீரா, சுயம்புநாதர் வாசலில் ஹாரீதி

லோணாவ்ளா அருகே உள்ள கார்லா சைத்தியம் இந்தியாவின் குடைவரைச் சைத்தியங்களிலேயே பெரியது. சுமார் 38 மீட்டர் நீளம், 14 மீட்டர் உயரம். இந்த பௌத்த மண்டபத்தின் வாசலை ஒட்டியே ஏக்வீரா தேவியின் கோயில் நிற்கிறது. மும்பைக் கடற்கரையின் கோலி மீனவர்களுக்கு அவள் குலதெய்வம். சித்திரை யாத்திரையில் கூட்டம் கூட்டமாக மலையேறி வருவார்கள்.

காட்மாண்டுவிலும் இதே காட்சிதான். சுயம்புநாதர் ஸ்தூபியின் பக்கத்திலேயே ஹாரீதியின் சிறுகோயில் இருக்கிறது. பெரியம்மையிலிருந்து குழந்தைகளைக் காப்பவள் என்று பௌத்தரும் இந்துக்களும் சேர்ந்தே அவளைக் கும்பிடுகிறார்கள். நம் மாரியம்மனுக்கு மாவிளக்கு போடும் தாய்மாருக்கு அந்த வேண்டுதலை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

◆ ஈராயிரம் ஆண்டுத் தேக்கு

கார்லா சைத்தியத்தின் வளைந்த கூரையை அண்ணாந்து பாருங்கள். விலா எலும்பு வரிசைபோல மரச் சட்டங்கள் தெரியும். அவை சைத்தியம் உருவான காலத்திலேயே பொருத்தப்பட்ட தேக்கு. கல் கூரைக்கு மரத் தாங்கல் தேவையே இல்லை. மரத்தால் கட்டிய பழைய வழிபாட்டு மண்டபங்களின் தோற்றம் மாறக் கூடாது என்பதற்காகச் சிற்பிகள் அப்படிப் பொருத்தினார்கள்.

◆ பேதம் பாராத கொடை

கார்லாவில் ஒரு கல்வெட்டு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கொடுத்தவர் சக மன்னர் நகபானரின் மருமகன் உஷவதாதன். மூன்று லட்சம் பசுக்களைத் தானம் செய்தது, தேவர்களுக்கும் அந்தணர்களுக்கும் 16 ஊர்களைக் கொடுத்தது என்று அவருடைய அறங்களை முதலில் அடுக்குகிறது. அடுத்த வரியிலேயே, கார்லா குகைகளில் தங்கும் துறவிகளின் பராமரிப்புக்காக ஓர் ஊரையே விட்டுக்கொடுக்கிறார். துறவிகள் எந்தப் பிரிவினர், எங்கிருந்து வந்தவர் என்ற பேதம் பார்க்கலாகாது என்பதும் அதே சாசனத்தில் இருக்கிறது. பின்னால் இந்தப் பகுதியைக் கைப்பற்றிய சாதவாகனர்களும் துறவிகளுக்கான கொடையைத் தொடர்ந்தார்கள். ஆட்சி மாறியபோதும் அறம் நிற்கவில்லை.

◆ பாஜாவில் சூரியனும் இந்திரனும்

கார்லாவுக்கு எதிர்ப்புற மலையில் இருக்கும் பாஜா அதைவிடப் பழமையானது; கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. அங்கே ஒரு விகாரையின் தாழ்வார வாசலுக்கு இருபுறமும் இரண்டு சிற்பங்கள். ஒன்றில் குதிரைகள் பூட்டிய தேரில் வருகிறவர். மற்றொன்றில் பெரிய யானைமேல் அமர்ந்தவர். சூரியன், இந்திரன் என்றே பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். அதே மலையில் சிறு ஸ்தூபிகள் 14 வரிசையாக நிற்கின்றன. அங்கே வாழ்ந்து மறைந்த மூத்த பிக்குகளின் நினைவுச் சின்னங்கள் அவை. சிலவற்றில் அவர்களின் பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன.

◆ பௌத்த முகப்பில் கஜலட்சுமி

ஜுன்னரைச் சுற்றியுள்ள குன்றுகளில் 200க்கும் மேற்பட்ட குடைவரைகள் உண்டு. மான்மோடி குன்றில் உள்ள ஒரு சைத்தியத்தின் முகப்பு வளைவுக்குள், தாமரை மேல் நிற்கும் திருமகளுக்கு யானைகள் நீராட்டுகின்றன. நம் ஊர் நிலைக்கதவின் மேல் செதுக்கியிருக்கும் அதே கஜலட்சுமி! அந்த முகப்பைச் செய்து கொடுத்தவர் ஒரு யவனர் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கடல் கடந்து வந்தவர், பௌத்தத் துறவிகளுக்குக் கட்டிக் கொடுத்த முகப்பில், திருமகள் நிற்கிறாள்.

◆ கணவாயில் ஒரு கடவுள் வணக்கம்

ஜுன்னருக்கு மேற்கே, கொங்கணக் கடற்கரைக்கு இறங்கும் நாணேகாட் கணவாயில் சாதவாகன அரசி நாகநிகையின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. இந்திரன், சங்கர்ஷணன், வாசுதேவன், சந்திரன், சூரியன், திசைக்காவலர் நால்வர் என்று வரிசையாக வணங்கிவிட்டு, அசுவமேதம் முதலான வேள்விகளையும் தட்சிணைகளையும் அது பட்டியலிடுகிறது. சங்கர்ஷணன் என்பது பலராமர். வாசுதேவன் என்பது கண்ணன். சங்கத் தமிழர் வாலியோனையும் மாயோனையும் இணையாக வைத்துப் போற்றியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இந்த அரச குலம் ஆண்ட நிலத்தில்தான் பௌத்தக் குகைகளும் நூற்றுக்கணக்கில் எழுந்தன.

◆ இமயக் கல்லுக்கு ஓடம் தந்தவர்கள்

கண்ணகிக்குச் சிலை வடிக்க இமயத்தில் கல் எடுக்கப் புறப்பட்டான் சேரன் செங்குட்டுவன். கங்கையைக் கடக்க அவனுக்கு ஓடங்கள் தந்து உதவியவர்கள் ‘நூற்றுவர் கன்னர்’ என்கிறது சிலப்பதிகாரம். இவர்கள் சாதகர்ணி என்ற பட்டப்பெயர் கொண்ட சாதவாகனர்களே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. சாதவாகனர் வெளியிட்ட வெள்ளி நாணயங்களில் ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் வேறொரு மொழி. அது தமிழே என்று எழுதியவர் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி.

◆ ஒரே குரு: பாட்டனில், ஆளந்தியில், திருப்பரங்குன்றத்தில்

நேபாளத்தின் பாட்டன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய தேர்த்திருவிழா ராதோ மச்சேந்திரநாதருடையது. மூங்கிலாலும் பிரம்பாலும் கட்டிய வானளாவிய தேர், வாரக்கணக்கில் தெருத்தெருவாக நகரும். பௌத்தர்களுக்கு அவர் கருணை வடிவான அவலோகிதேசுவரர், இந்துக்களுக்கு மச்சேந்திரநாதர். கோரக்கநாதர் தவத்தில் அமர்ந்து மழை தரும் நாகங்களைக் கட்டிப்போட்டதால் பன்னிரண்டு ஆண்டுகள் பஞ்சம் வந்தது. அவருடைய குருவான மச்சேந்திரரை அழைத்து வந்தபோது சீடர் எழுந்து வணங்க, நாகங்கள் விடுபட்டு மழை கொட்டியது என்பது கதை. தேர் ஓடினால் மழை வரும் என்று இன்றும் நம்புகிறார்கள்.

புனேயை அடுத்த ஆளந்தியில் 1296-இல் சமாதியான ஞானேசுவரரின் குரு பரம்பரையைக் கேளுங்கள்: ஆதிநாதர், மச்சேந்திரநாதர், கோரக்கநாதர், கஹினிநாதர், பிறகு அண்ணனும் குருவுமான நிவிருத்திநாதர். 1290-இல் மராத்திக்கு ஞானேசுவரி என்ற கீதையுரையைத் தந்தவருக்கும், பாட்டன் தேரில் வலம் வருபவருக்கும் ஒரே வம்சாவளி.

நமக்கும் அவர்கள் அந்நியரல்லர். பதினெண் சித்தர் பட்டியலில் மச்சமுனியும் கோரக்கரும் இருக்கிறார்கள். மச்சமுனிக்குத் திருப்பரங்குன்றம், கோரக்கருக்கு நாகப்பட்டினத்தை அடுத்த வடக்குப் பொய்கைநல்லூர் என்று சமாதித் தலங்களும் நம் மரபில் உண்டு.

◆ தலேஜு, துளஜா, தஞ்சாவூர்

நேபாள மல்ல மன்னர்களின் குலதெய்வம் தலேஜு. காட்மாண்டுவில் வாழும் தெய்வமாகப் போற்றப்படும் குமாரிச் சிறுமியிடம் தலேஜு குடியிருப்பதாக நம்பிக்கை. அந்தச் சிறுமியைத் தேர்ந்தெடுப்பது பௌத்தச் சாக்கியக் குடும்பங்களிலிருந்து! இந்து மன்னர்களே அவள் முன் பணிந்து ஆசி பெற்றார்கள். தலேஜுவும் மராட்டியத்தின் துளஜா பவானியும் ஒருவரே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. துளஜா பவானி சிவாஜியின் குலதெய்வம். சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையில் ஆட்சியை நிறுவிய பிறகு, அந்த வம்சத்தில் துளஜா என்ற பெயரோடே இரண்டு மன்னர்கள் ஆண்டார்கள். ஜுன்னரில் துளஜா பவானியின் பெயரால் வழங்கும் குகைத் தொகுதியும் பௌத்தர்கள் குடைந்ததுதான்.

◆ துகாராமின் சிஷ்யையும் ஒரு பௌத்த நூலும்

பிறப்பால் யாரும் உயர்ந்தவராவதில்லை என்று வாதிடும் ‘வஜ்ரசூசி’ என்ற வடமொழி நூல் பௌத்தக் கவி அசுவகோஷரின் பெயரால் வழங்குகிறது. காட்மாண்டுவில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த பிரையன் ஹாட்சன் அங்கிருந்த பௌத்தர் ஒருவரிடம் அதைப் பெற்று, 1829-இல் உலகுக்கு அறிவித்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே அந்நூலின் கருத்தை மராத்தியில் பாடியவர் பகிணாபாயி. தேகூவின் பக்திக் கவி துகாராமைக் குருவாகக் கொண்ட பிராமணப் பெண். குருவோ வேறு சாதியார். ஊர் ஏசியதைப் பொறுத்துக்கொண்டு எழுதினார்.

◆ ஒன்பதாம் அவதாரம்

தசாவதாரத்தில் பலராமரைச் சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். வடக்கே புத்தரைச் சேர்ப்பார்கள். மராட்டியத்தின் பழைய அவதாரப் படங்கள் சிலவற்றில் புத்தர் இருக்க வேண்டிய இடத்தில், இடுப்பில் கைவைத்து நிற்கும் பண்டரிபுரத்து விட்டலனைக் காணலாம். ஆயுதம் ஏந்தாத, பேசாமல் நிற்கிற தெய்வம் என்பதால் பக்தர்களுக்கு இருவரும் ஒன்றாகத் தோன்றியிருக்கிறார்கள்.

◆ பாதுகைகளின் பயணம்

ஆனி, ஆடி மாதங்களில் ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பல்லக்கும் தேகூவிலிருந்து துகாராம் பல்லக்கும் பண்டரிபுரம் நோக்கிப் புறப்படும். உள்ளே இருப்பவை பாதுகைகள் மட்டுமே. துகாராமின் மகன் நாராயணர் 1685-இல் இந்தப் பல்லக்கு முறையைத் தொடங்கினார். துகாராம் பல்லக்கு தேகூவை விடும் முன் அனகட்ஷா பாபா தர்காவில் நின்று, அபங்கம் பாடிவிட்டே நகரும். புனேயில் இரண்டு பல்லக்குகளும் தங்கும். ஞானேசுவரர் பவானி பேட்டையில், துகாராம் நானா பேட்டையில். அந்த நாட்களில் நகரமே வாரகரிகள் எனப்படும் இந்த யாத்திரை பக்தர்களுக்குச் சோறு போடும். கால் பிடித்துவிடுகிறவர், செருப்புத் தைத்துக் கொடுக்கிறவர் என்று அவரவர் கைத்தொழிலையே தொண்டாக்குவார்கள். கோவிந்தபுரத்திலும் தென்னாங்கூரிலும் விட்டலனைக் கண்டு உருகும் தமிழர், ஒருமுறையாவது இந்த ஊர்வலத்தோடு நாலு அடி நடக்க வேண்டும்.

◆ ஜெஜூரியின் மஞ்சள் மலை

புனேயிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் ஜெஜூரி, கண்டோபா சந்நிதி. சோமவார அமாவாசையன்று பல்லக்கு புறப்படும்போது ஆயிரக்கணக்கானோர் பிடி பிடியாக மஞ்சள்தூளை வீசுவார்கள். படிக்கட்டு, விளக்குத் தூண், தலைமுடி, இமை எல்லாம் மஞ்சள். வாய் திறந்து ‘ஜெய் மல்ஹார்’ என்றால் நாக்கிலும் மஞ்சள் ருசிக்கும். கண்டோபாவின் முதல் மனைவி மாள்சா வணிகர் குலம். இரண்டாம் மனைவி பாணாயி ஆட்டிடையர் குலம். மாள்சாவுக்கு மலைமேல் இடம். பாணாயிக்குச் சன்னதி மலைச்சரிவில். தேவேந்திரன் மகளையும் குறவர் மகளையும் மணந்த முருகனோடு கண்டோபாவை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கண்டோபா அசுரரை வென்ற விழாவும் ஆறு நாள்தான். மார்கழிச் சஷ்டியில் முடியும்.

◆ மயிலேறும் பிள்ளையார், பெண்கள் பாராத முருகன்

மயில் என்றாலே நமக்கு முருகன். புனே மாவட்டத்து மோர்காவ் தலத்தில் பிள்ளையாருக்கே மயில் வாகனம். அவர் பெயர் மயூரேசுவரர். புனே சோம்வார் பேட்டையில் உள்ள திரிசுண்ட கணபதி கோயிலிலும் (1770) மூன்று துதிக்கையோடு மயில்மேல் அமர்ந்திருக்கிறார்.

தம்பியின் கதையோ நேர்மாறு. மராட்டியத்தில் கார்த்திகேயர் பிரம்மச்சாரி. பெண்கள் அவர் சந்நிதிக்குப் போவதில்லை. புனேயின் பர்வதி குன்றில் உள்ள கார்த்திகேயர் கோயிலிலும் கார்த்திகைப் பௌர்ணமியில் கிருத்திகை நட்சத்திரம் கூடும் நேரத்தில்தான் பெண்கள் தரிசிப்பது மரபு. வள்ளி, தெய்வானையோடு கல்யாண உற்சவம் பார்த்துப் பழகிய நம் பெண்களுக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

◆ முளைப்பாரிக்கு மூன்று ஊர்

நவராத்திரி முதல் நாள் புனே வீடுகளில் கலசத்தைச் சுற்றி மண் பரப்பித் தானியம் விதைப்பார்கள். தசராவன்று அந்த முளைகளை ஆண்கள் தொப்பியிலும் தலைப்பாகையிலும் செருகிக்கொள்வார்கள். அதே நாட்களில் நேபாளத்தில் தசைன் விழா. வெளிச்சம் படாத அறையில் பார்லி விதைத்து, வெளிர்மஞ்சளாக வளர்ந்த ‘ஜமரா’வைப் பெரியவர்கள் சிறியவர்களின் காதோரம் செருகி, தயிரும் அரிசியும் குழைத்த செந்திலகம் இடுவார்கள். இருட்டறையில் வளர்த்து அம்மன் கோயிலுக்குத் தலையில் சுமந்துபோகும் நம் முளைப்பாரி இவற்றுக்கு உடன்பிறப்பு.

◆ திலகருக்கு முந்திய கணபதி

பொதுமக்கள் கூடிக் கொண்டாடும் விநாயகர் சதுர்த்தியை 1893–94-இல் பரப்பியவர் திலகர். ஆனால் புனேயின் குருஜி தாலீம் கணபதியை இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் சேர்ந்து 1887-லேயே நிறுவிவிட்டார்கள். கரைக்கும் நாள் ஊர்வலத்தில் முதல் மரியாதை பெறும் ஐந்து கணபதிகளில் இதற்கு மூன்றாம் இடம். முதல் இடம் நகரின் காவல் தெய்வமான கஸ்பா கணபதிக்கு.

◆ புத்தரைத் தேடி நேபாளம் போனவர்

கோவாவில் 1876-இல் பிறந்த தர்மானந்த கோசாம்பி, வடமொழி கற்கப் புனே வந்தார். பௌத்தம் உயிரோடு இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று காசி வழியாக நேபாளத்துக்கே போனார். தேடியது அங்கே கிடைக்கவில்லை. மனம் தளராமல் இலங்கை சென்று, 1902-இல் கொழும்பு வித்தியோதய பிரிவேனாவில் சுமங்கல தேரரிடம் பாலி கற்றார். திரும்பி வந்து, 1912 முதல் புனே ஃபெர்குசன் கல்லூரியில் பாலி கற்பித்தார். அவர் வழிவந்த பி. வி. பாபட், புத்தரின் 2500-ஆம் ஆண்டையொட்டி 1956-இல் மத்திய அரசு வெளியிட்ட பெருந்தொகுப்பின் பதிப்பாசிரியர்.

◆ நேபாளச் சுவடியும் தஞ்சைச் சுவடியும்

1917-இல் தொடங்கிய புனே பண்டார்கர் ஆய்வு நிறுவனம், 1919-இல் மகாபாரதச் செம்பதிப்பைக் கையிலெடுத்தது. 1,259 கையெழுத்துச் சுவடிகளை ஒப்பிட்டார்கள். பதிப்பாசிரியர் சுக்தாங்கர் ஆதிபருவத்துக்கான மிகப் பழைய சுவடியாக ஒரு நேபாளச் சுவடியை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். தென்னாட்டுக் கிரந்தச் சுவடிகளை ஒப்பிடத் தஞ்சாவூரிலேயே ஒரு மையம் இயங்கியது. 1966-இல் நிறைவுற்றபோது விழாவுக்கு வந்தவர் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன்.

◆ தேகூ ரோடு, சென்னை, காட்மாண்டு

1954 டிசம்பர் 25. புனேயை அடுத்த தேகூ ரோடில், ரங்கூனிலிருந்து கொண்டுவந்த புத்தர் சிலையை அம்பேத்கர் நிறுவினார். பண்டரிபுரத்து விட்டலன் ஆதியில் புத்தரே என்ற தம் கருத்தையும் அங்கே சொன்னார். பௌத்தத்தை நோக்கிய இந்த வழியில் அவருக்கு முன் நடந்தவர்களில் தமிழர் உண்டு. அயோத்திதாசர் சென்னையில் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார். பி. லட்சுமி நரசு 1907-இல் எழுதிய பௌத்த நூலை, 1948-இல் முன்னுரை தந்து மறுபதிப்பு செய்தவர் அம்பேத்கரே. 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் தீட்சை பெற்றவர், நவம்பரில் காட்மாண்டுவில் கூடிய உலக பௌத்த மாநாட்டில் புத்தரையும் கார்ல் மார்க்ஸையும் ஒப்பிட்டுப் பேசினார். டிசம்பர் 6-இல் மறைந்தார்.

◆ எப்படிப் போவது?

புனே–லோணாவ்ளா உள்ளூர் ரயிலில் மளவ்லி நிலையத்தில் இறங்குங்கள். பாஜா நடக்கும் தூரம். கார்லா எதிர்ப்பக்கம், ஆட்டோ கிடைக்கும். காலையில் புறப்பட்டால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். மழைக்காலத்தில் படிகள் வழுக்கும், கவனம். ஜுன்னருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். லேண்யாத்ரிக்குத் தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு வேண்டும். கல்வெட்டுகளின் மேல் கை வைக்காதீர்கள், சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ஸ்தூபியும் பிள்ளையாரும் ஒரே மலையில் அக்கம்பக்கமாக இருந்ததை, இருப்பதை, அவர்கள் கண்ணால் பார்த்து வளர வேண்டும். சமய நல்லிணக்கம் பற்றி நாம் சொல்லும் எந்தப் பாடத்தைவிடவும் அது ஆழமாகப் பதியும்.